ஒன்பதாம் அத்தியாயத்துப் பல்லி

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவன் அருளால் இங்கே உன் அத்தானும் மகளும் நானும் சுகம். உன் புண்ணியத்தில் தெருவே விசாரிப்பதால் சொல்கிறேன், எங்கள் வீட்டுப் பல்லிகளும் சுகம்.

உன் கடிதம் கிடைத்தது. பல்லி கதை சொல்கிற உன் நாவலில் ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு அடுத்த பதிப்பைப் போட்டால் எங்கள் தெருச் சங்கத்தார் கண்டன மனுவைக் கைவிடுவார்களாம், பதிப்பாளர் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறாராம், நீயோ "அக்கா சொல்றபடி செய்றேன்" என்று பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டாய். பொட்டலக் காகிதத்தைப் படித்தே எழுத்துக் கற்றவள் நான். ஆனாலும் கேட்டுவிட்டாய், கணக்கோடு சொல்கிறேன். வீட்டு நோட்டின் பின்பக்கத்தில் உன் நாவலுக்கும் ஒரு பக்கம் போட்டிருக்கிறேன். புகழ்ந்தவர் வரவு, திட்டியவர் செலவு. இன்றுவரை வரவு ஏழு, செலவு இருபத்திரண்டு. அந்த இருபத்திரண்டில் படித்துவிட்டுத் திட்டியவர்கள் ஐந்தே பேர்.

முதல் செலவு தையற்காரர். கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் வந்து நின்று, "கொடுத்த பொருள்ல மிச்சம் புடிக்கிறதைப் பத்தி உங்க தம்பியோட பல்லி எழுதியிருக்கே, அது என்னைத்தானேக்கா?" என்றார். "அய்யோ, அதுல வர்றது தச்சருங்க, அவர் மரத்துண்டுல்ல எடுக்கறார்" என்றேன். "மரமா இருந்தா என்ன, துணியா இருந்தா என்ன, எடுத்தது எடுத்ததுதானே!" என்று கத்தினார். அவரிடம் ரவிக்கைத் துணி கொடுத்திருந்த மூன்று பேர் அப்போது என் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான், ஆனால் இவ்வளவு சத்தமாகவா? மாடி வீட்டு ஓய்வுபெற்ற டீச்சருக்கு நேர்மாறான குறை. நாவலை இரண்டு முறை படித்தும் தன் சாயலில் ஒருத்தியைக்கூடக் காணோமாம். "எங்க வீட்லயும்தான் பல்லி இருக்கு. எங்ககிட்ட என்ன குறைச்சலைக் கண்டுச்சு?" என்று இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சங்கத் தலைவர் மனுவோடு வந்தபோது, "படிச்சீங்களா?" என்று கேட்டேன். "படிச்சா கோபம் தணிஞ்சு போயிடும்மா. நூறு கையெழுத்து சேரட்டும், அப்புறம் படிக்கிறேன்" என்றார். நல்ல மனிதர், உண்மையை மறைக்கத் தெரியவில்லை.

இவர்களுக்காக நீ ஒரு கமாவைக்கூட எடுக்க வேண்டாம். எடுக்கச் சொல்வது நான். ஒன்பதாம் அத்தியாயத்தில் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து உன் பல்லி பார்க்கிறதே ஒருத்தியை, அவள் கணவனின் முழங்காலுக்கும் மகளின் பரீட்சைக்கும் தம்பியின் புத்தகத்துக்கும் வேண்டிக்கொண்டு, கடைசியில் மெதுவாக, "ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னை யாரும் கூப்பிடாம இருக்கணும்" என்கிறாள். உடனே உன் பல்லி, 'இவள் மட்டும் கடவுளை விடிந்ததிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், அவரும் இதையேதான் யாரிடமோ வேண்டிக்கொண்டிருப்பார்' என்று நக்கலடிக்கிறது. சங்கத்தார் இதைத் தெய்வ நிந்தனை என்கிறார்கள். சாமி எவ்வளவோ கேட்டவர், இதையும் பொறுத்துக்கொள்வார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நாலு மாதம் எங்கள் வீட்டில் தங்கி நாவல் எழுதினாயே, வாய்விட்டு வேண்டிக்கொள்கிற அக்காளின் வாய்க்கருகிலா காதை வைத்திருந்தாய்? உன் அத்தான் படித்தால் என்ன நினைப்பார்? இத்தனை வருஷமாக இந்த வீட்டைப் பாரமாகத்தான் சுமந்திருக்கிறாள் என்று நினைக்கமாட்டாரா? அப்படி இல்லையடா. ஆனால் அப்படி இல்லை என்று எப்படிச் சொல்வது? அதனால் புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அவர் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததே கிடையாது. அத்தியாயத்தை எடுத்துவிடு. அக்கா சொல்லி நீ கேட்காமல் இருந்ததில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் பேனாவுக்கும் நாவுக்கும் ஆண்டவன் நிதானத்தைக் கொடுக்கட்டும்.

என்றும் உன் நலம் கோரும்
அக்கா

பி.கு. காலையில் கடிதத்தை முடித்துவிட்டு அரிசி எடுக்கப் போனேன். டிரம்மில் புத்தகம் இல்லை. உன் அத்தானின் தலையணை ஓரமெல்லாம் அரிசி சிந்திக் கிடந்தது. அவர் என்னைக் கண்டதும், "சாயங்காலம் வரைக்கும் உன்னை யாரும் கூப்பிடக்கூடாதுன்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்" என்றார். "யார் சொன்னா இதெல்லாம்?" என்றேன். "பல்லி" என்று சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார். கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிடவே இல்லை. எது எங்கே இருக்கிறதென்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது, நானும் சொல்லவில்லை. தேநீர் வந்தது. சர்க்கரைக்குப் பதில் உப்பு. முழுவதும் குடித்தேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் கை வைக்காதே. சாயங்காலம் விளக்கேற்றியபோது சாமியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒரு நாள் சும்மா இருக்கட்டும்.