பூட்டிய கொம்பியூட்டரும் ஊர் பார்த்த மாப்பிள்ளையும்

தண்ணீரூற்று,
12.07.2005

அன்புள்ள பெறாமகன் குகதாசனுக்கு, சித்தப்பா வீரகத்தி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் சுகம். கொம்பியூட்டர் மட்டும் என்னோடு கோபம். உன் கொழும்புச் சுகம் அறிய ஆவல்.

போன மாதம் நீ லீவில் வந்து என் தொலைபேசிக் கடைக் கொம்பியூட்டரைப் பார்த்து, "சித்தப்பா, ஊரிலை உள்ள வைரஸ் எல்லாம் இதுக்குள்ளைதான் குடியிருக்கு" என்று விண்டோஸைக் கழற்றி லினக்ஸைப் போட்டாய். ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல், அதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது, பழையதை எல்லாம் சீடியில் எடுத்து வெளியே வைக்கவேண்டும் என்றாய். நான் ஒன்றையும் மீறவில்லை. கௌசலாவின் கலியாணப் பேச்சு முழுக்க அதற்குள்தானே இருக்கிறது, டென்மார்க் மாப்பிள்ளையின் படங்கள், சாதகம், தகப்பனாரின் விலாசம், எல்லாம். முற்றாகுமுன் வெளியே தெரிந்தால் மொட்டைக் கடிதம் போகும்; யோகலிங்கத்தாரின் மகளுக்கு வந்த நல்ல சம்பந்தம் அப்படித்தான் குழம்பியது. எனக்கு இருப்பது ஒரே மகள். பயந்துதான் நடந்தேன்.

கடவுச்சொல்லை ஒருவராலும் ஊகிக்க முடியாததாக வைத்தேன். அடுத்த நாள் என்னாலும் முடியவில்லை. வற்றாப்பளை அம்மாளின் பெயர், பசுமாட்டின் பெயர், மோட்டார் சைக்கிள் இலக்கம் எல்லாம் அடித்துப் பார்த்துவிட்டேன், பிழை என்றே சொல்கிறது. பதில் எழுத வேண்டிய விலாசமும் உள்ளேதான். ஆவணி பிறக்குமுன் பதில் சொல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்ப்பார்கள்.

சரி, பிரதி இருக்கிறதே என்று புறப்பட்டேன். இடம்பெயர்ந்து பழகிய எங்களுக்குப் பிரதி வைக்க ஒருவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. காணி உறுதியை வைப்பதுபோல இரண்டு சீடி அடித்து, ஒன்றை முல்லைத்தீவில் புடைவைக்கடை நஜீமிடமும் மற்றதை அடுத்த வீட்டு அன்னபாக்கியத்திடமும் கொடுத்திருந்தேன். நஜீம் சொல்கிறான், "என்னட்டை இல்லை அண்ணை. தொண்ணூறிலை எங்களை ஊரை விட்டு வெளியேத்தேக்கை எல்லாத்தையும் ஒரே இடத்திலை வைச்சு இழந்து பட்ட பாடு காணும். வவுனியாவிலை இருக்கிற எங்கடை ஸக்கியா ராத்தாட்டை அனுப்பியிட்டன். அவா இன்னொரு பிரதி அடிச்சுப் புத்தளத்துக்கும் அனுப்பினவா." உடனே மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன். அன்னபாக்கியம் வீட்டுக்கு வந்தால் முற்றம் நிறையச் செருப்பு. ஏதோ கலியாணவீட்டுச் சீடி என்று நினைத்து படம் போடும் டெக்கில் போட்டிருக்கிறா. ரிவியில் எங்கள் மாப்பிள்ளை பனிக்குள் நிற்கிறார். முன் கதிரையில் யோகலிங்கத்தார்.

"தலைமயிர் கொஞ்சம் குறைவுதான் அண்ணை. ஆனால் முகத்திலை கள்ளமில்லை. ஓமெண்டு எழுதுங்கோ" என்றா அன்னபாக்கியம். கத்துவோம் என்று வாயைத் திறந்தேன், தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டா. உண்மையைச் சொன்னால் ஒரு நிம்மதியும் வந்தது. இனி மொட்டைக் கடிதம் எழுத ஆளில்லை, பார்த்தவர்கள் எல்லோரும் மாப்பிள்ளை பக்கம் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் சீடியோ வீடு வீடாகப் போய்க் கீறல் விழுந்து, என் கடையில் வாசிக்க மறுக்கிறது.

ஆகவே மகன், பூட்டைத் திறக்கும் வழியை உடனே எழுது. வவுனியா போகும் அன்னபாக்கியத்திடம் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கொடுத்துவிடுகிறேன். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் எப்படியும் பிரிப்பார்கள் என்பதால் ஒட்டவில்லை. வற்றாப்பளை அம்மாள் உன்னையும் உன் கொம்பியூட்டர்களையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புச் சித்தப்பா
வீரகத்தி

பி.கு.: மடிக்கும்போது கௌசலா வந்து, "மினக்கெடாதேங்கோ அப்பா, நான் போன கிழமையே அவருக்கு ஓமெண்டு எழுதியிட்டன்" என்றாள். நீ அவளுக்கென்று திறந்துவிட்ட கணக்கில் அவளும் மாப்பிள்ளையும் ஒரு மாதமாக ஈமெயில் எழுதிக்கொள்கிறார்களாம். நஜீமுக்கும் தெரியாது, அன்னபாக்கியத்துக்கும் தெரியாது. "உன்ரை கடவுச்சொல் என்ன பிள்ளை?" என்று கேட்டேன். "ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு குகதாசன் அண்ணா சொன்னவர், அப்பா" என்கிறாள்.