காலி மண்டபத்தில் சோதித்த மைக்

'நேத்துகூட நல்லாத்தானே இருந்துது' என்றொரு மனித இனம் உண்டு. வண்டி நடுரோட்டில் நின்றாலும், கூரை ஒழுகினாலும், பல் ஆடினாலும் அவர்கள் வாயில் முதலில் வருவது அதுதான். நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர்களில் அப்பழுக்கற்ற மாதிரி வேண்டுமென்றால், சங்க மண்டபத்தின் செயலாளர் மைக் மாமாவைப் பாருங்கள்.

எட்டு வயர்லெஸ் மைக் வாங்கிப் போட்டதுதான் அவர் வாழ்நாள் சாதனை. அவற்றைக் கைக்குழந்தைபோல் துணியில் சுற்றி வைப்பார். யாரும் தொடக்கூடாது, ஊதக்கூடாது, தட்டிப் பார்த்தால் அன்றோடு சிநேகம் முறிந்தது.

ஒருநாள் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் மைக் ஓடும் அலைவரிசையைக் கைப்பேசிக் கம்பெனிகளுக்குக் கொடுத்துவிட்டோம், முதல் தேதிக்குள் வேறு மைக்குக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. மாமா அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்தார். இரண்டாவது கடிதமும் வந்தது. மேசை இன்னும் கெட்டியாக நின்றது.

"காத்து என்ன இவங்க பாட்டன் சொத்தா, பங்கு போட்டுக் குடுக்க?"

அந்த முதல் தேதிக்கு அடுத்த வாரம், அதே மண்டபத்தில் மாமாவின் மகள் எழுதி நடிக்கும் முதல் நாடகம்.

"அப்பா, ரெண்டு வயர் மைக்காவது எடுத்து வைங்கப்பா. மூணு மாச ஒத்திகை, வீணாப் போயிடும்."

"வயரா? என் மண்டபத்துலயா? என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

நாடகத்தன்று காலை, கைப்பேசியை வீட்டில் மறந்துவிட்டு வந்த மாமா, காலி நாற்காலிகளின் நடுவே நின்று எட்டு மைக்கையும் சோதித்தார். ஒன், டூ, த்ரீ. எட்டும் கணீர்.

மாலையில் முந்நூறு பேர் வந்தார்கள். முந்நூறு பேர் என்றால் முந்நூறு கைப்பேசி. காலையில் காலியாக இருந்தது நாற்காலி மட்டுமல்ல, காற்றும்தான்! திரை விலகி மகள் வாயைத் திறந்தாள். ஒலிபெருக்கி 'கொர்ர்' என்றது. பிறகு ஒரு சொல்லைத் துப்பி, இரண்டு சொல்லை விழுங்கியது. கதாநாயகி வீட்டை விட்டுப் போகிறாளா, இருக்கிறாளா என்று முன்வரிசையில் வாக்குவாதமே கிளம்பியது.

மாமா மேடைக்குப் பாய்ந்தார். தயவுசெய்து எல்லோரும் கைப்பேசியை அணையுங்கள் என்று கெஞ்சினார். அதையும் அந்த எட்டு மைக்கில் ஒன்றில்தான் கெஞ்சினார். உதடு மட்டும் அசைந்தது. மாமாவின் அபிநயத்தைப் படம்பிடிக்க, அணைந்திருந்த சில கைப்பேசிகளும் வெளியே வந்தன.

மகள் காலரிலிருந்த மைக்கைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். "போய் உக்காருங்கப்பா."

பிறகு மேடை விளிம்புக்கு வந்து, வெறும் தொண்டையில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கடைசி வரிசைவரை ஒரு சொல் சிந்தவில்லை. கைதட்டல் அடங்க வெகுநேரமானது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த மனைவியிடம் திரும்பினார்.

"காலையில நல்லாத்தானே இருந்துது?"

"அந்த மேசைக்கால்ல என்ன இருக்குன்னு முதல்ல எடுத்துப் படிங்க."

சிரித்தாயிற்றா? நல்லது. உங்கள் வீட்டு மேசை ஆடாமல் நிற்கிறதே, கொஞ்சம் குனிந்து பாருங்கள்.