வேலியோரப் பனையும் சிட்டுவின் வயிறும்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

வணக்கம். இவ்வளவு தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். பெரியம்மாவின் முழங்கால் தேவலையா? இங்கே எல்லோரும் நலம். கூடத்தில்தான் நடக்க இடமில்லை.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருக்கிற உங்கள் சதுப்பு மனையில் திங்கட்கிழமை மண்ணடித்து மேடாக்கப் போகிறீர்கள் அல்லவா, அதைப் பற்றித்தான். போனில் பேசினால் பாதியில் சிரித்துவிடுவேன், இல்லை அழுதுவிடுவேன். அதனால் இவர் கையில் கடிதம். நேற்றுக் காலை துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். குழந்தை சிட்டுவை நான் ஒரு நொடிகூடக் கண்ணைவிட்டு விலக்குவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். கிளிப் ஒன்று கீழே விழுந்து குனிந்த நேரத்தில், உங்கள் மனையின் வேலியோரக் குட்டைப் பனையடியில் கிடந்த சிவப்புப் பழத்தை எடுத்து முழுங்கிவிட்டாள்! விஷமோ என்று பதறி, மரத்தைப் படமெடுத்து, கல்லூரியில் எனக்குத் தாவரவியல் நடத்திய பேராசிரியருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“எங்கம்மா இருக்கு?”

“வயித்துல சார்!”

“ஐயோ, மரம் எங்க இருக்கு?”

ஒரு மணி நேரத்தில் இரண்டு மாணவிகளோடும் ஒரு சல்லடையோடும் வந்து நின்றார். மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். முப்பது வருஷமாக யார் கண்ணிலும் படாத இனமாம். சதுப்பையெல்லாம் மேடாக்கியதில் அழிந்தே போயிற்று என்று அவரே கட்டுரையும் எழுதிவிட்டாராம். அந்த மரத்தில்தான் பெரியப்பா, தாவரவியல் பட்டதாரியான நான் இரண்டு வருஷமாகத் துணிக்கொடி கட்டியிருக்கிறேன்!

டாக்டர், “பயப்படாதீங்க, தானா வந்துடும்” என்றார். குலையில் வேறு பழமே இல்லாததால் எல்லோரும் அந்த ஒற்றை விதைக்காகக் கூடத்தில் காத்திருக்கிறார்கள். சிட்டுவின் முகம் சிவந்தால் மூவரும் எழுந்து நிற்கிறார்கள். அவள் தும்மிவிட்டுச் சிரிக்கிறாள். இவர் வேறு, “வாழைப்பழம் குடுத்தா சீக்கிரம் வருமா சார்?” என்கிறார். “அவசரப்படுத்தாதீங்க தம்பி, குழந்தைக்குக் கூச்சமா இருக்கும்” என்று பேராசிரியர் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மண் விழுந்தால் மரம் செத்துவிடுமாம். வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள் பெரியப்பா. மரத்தைச் சுற்றிப் பத்தடி போதும். அதற்குமேல் ஓர் அங்குலம் கேட்கமாட்டேன், சத்தியம்.

பெரியம்மாவுக்கு என் நமஸ்காரம். சிட்டுவை மனதார வாழ்த்துங்கள், இப்போதே.

உங்கள் மகள்

பி.கு.: உறையை ஒட்டும்போது கூடத்தில் கைதட்டல். வந்துவிட்டது! ஒன்றில்லை பெரியப்பா, ஏழு. எத்தனை நாளாகத் தின்கிறாளோ! கண்ணைவிட்டு விலக்குவதில்லை என்ற வரியை அடித்துவிடுங்கள். பத்தடியையும்தான். ஏழு கன்றுக்கும் சதுப்பு வேண்டுமாம். முழு மனையும் வேண்டும்.