நாக்குக் கம்பவுண்டரும் கிணற்றுச் சங்கும்

எங்கள் டிஸ்பென்சரி கம்பவுண்டரைப் போல ஒரு மனிதர் குமரிமுனை முதல் இமயமலை வரை கிடையாது. சத்தியம் செய்தே சொல்வேன். மற்றவர்கள் ஒன்றைக் கண்ணால் பார்த்து நம்புவார்கள். அவர் நக்கிப் பார்த்து நம்புவார். அதனால் கொட்டாரம் வட்டாரம் முழுக்க அவருக்கு நாக்குக் கம்பவுண்டர் என்றே பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளக் கையெழுத்துக்கு மட்டும் பயன்பட்டது.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்த சமயம். நான் அங்கே நர்ஸ். டாக்டர் நோயாளிகளின் நாக்கைப் பார்த்து மருந்து எழுதுவார். அதைக் கலக்க வேண்டியவரின் நாக்கில் செம்மண் அப்பியிருக்கும்.

காரணம், கல்லாகிப்போன கடற்சிப்பிகள். எங்கள் பக்கத்துத் தேரிச் செம்மணல் மேடுகளிலும் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளிலும் அவை கிடைக்கும். கம்பவுண்டர் ஞாயிறுதோறும் சைக்கிளில் போய்ப் பொறுக்கி வருவார்.

"கல்லானது நாக்கில ஒட்டும் சிஸ்டர், நேத்து செத்தது வழுக்கும். வேணும்னா நீங்களும் ஒண்ணு நக்கிப் பாருங்கோ."

"எனக்கு வேண்டாம் சார்."

அவரிடமிருந்து ஊரில் நாலைந்து பேருக்கு இந்தக் கிறுக்கு தொற்றிக்கொண்டது. திங்கட்கிழமை காலையில் காய்ச்சல்காரர்களுக்கு முன்னால் கோணிப்பைக்காரர்கள் வந்து நிற்பார்கள். அவர் மருந்துக் குப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிப்பியை எடுப்பார். உள்பக்கம் தசை ஒட்டியிருந்த தழும்பு ஒன்றா இரண்டா என்று பார்ப்பார். ஒன்றென்றால் பாறையில் ஒட்டி வளர்ந்த சிப்பி, இரண்டென்றால் மட்டி. கடைசியில் நாக்கு. காய்ச்சல்காரர்கள் இருமிக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள். சிலருக்கு அதிலேயே காய்ச்சல் விட்டதாகக் கேள்வி.

ஒருமுறை எதிர்க்கடைத் தையல்காரர், முந்தின நாள் கறி வைத்துத் தின்ற சிப்பியின் ஓட்டில் செம்மண்ணைப் பூசிக் கொண்டுவந்தார். "பொட்டல் குழியில கிடந்துது. எந்தக் காலத்துச் சாதனம்னு சொல்லும் வோய்!"

கம்பவுண்டர் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக நக்கினார். எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தோம்.

"தேங்காயும் நல்லமிளகும் அரைச்ச காலம்," என்றார். "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு. வீட்டில சொல்லும்."

இப்படிப்பட்டவரை எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் இறக்க வேண்டி வந்தது.

அந்த வருஷம் மழை இல்லை. தெருவில் இருந்த ஒரே கிணறு சேறாகிவிட்டது. அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் பக்கத்து ஊரிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். வீட்டு முன்னறையில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் அப்பா வீட்டுப் பின்புறம் கிணறு வெட்ட ஆளை விட்டார். நல்ல ஆழம் போனபின் கடப்பாரை ணங்கென்றது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் சிப்பிக் கல். அதன் நடுவில், குப்புறப் புதைந்த நிலையில், பலாக்காய் அளவுக்கு ஒரு சுருள்.

"அண்ணாச்சி, சங்கு மாதிரி கெடக்கு," என்று கிணறுவெட்டி கீழேயிருந்து கத்தினார்.

"வலம்புரியாடே?" அப்பா கிணற்று விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தார்.

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் தெருவே எங்கள் வீட்டில் நின்றது. யாரோ கயிற்றில் பூவைக் கட்டி இறக்கினார்கள். ஒரு பாட்டி தேங்காயோடு வந்துவிட்டாள். வெட்டுவது நின்றது. மறுநாளும் தொடங்கவில்லை.

"வலம்புரி கெடக்க இடத்தில கடப்பாரை போடப்பிடாது. இடத்தைச் சுத்தி மண்டபம் கட்டலாம்," என்றார் அப்பா.

அம்மா காலிக் குடத்தை அவர் முன்னால் வைத்தாள். "மண்டபத்தில இருந்து எதைக் குடிப்பியோ?"

நான்தான் கம்பவுண்டரைக் கூட்டிவந்தேன். எட்டிப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டி, பல் துலக்கும் பிரஷ்ஷோடு கயிற்றைப் பிடித்து இறங்கினார். மண்ணை விரலால் நோண்டி, பிரஷ்ஷால் தள்ளி, ஊதி, மறுபடியும் நோண்டினார். உச்சிவெயில் கிணற்றுக்குள் விழுந்தது. சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை.

"வோய், என்ன வோய் அது?" என்று அப்பா கேட்டார்.

"அண்ணாச்சி, இப்பிடி ஒண்ண நான் கண்டதே இல்ல! இப்ப நம்ம கடல்ல இந்தச் சாதி கிடையாது!"

"அப்போ வலம்புரிதானே?"

கம்பவுண்டர் மறுபடியும் குனிந்து சுருளை விரலால் சுற்றித் தடவினார். எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. அவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா மேளம் வைத்து அதைச் சேதமில்லாமல் வெளியே எடுப்பார், தினமும் அதைப் பார்க்க இவரும் வரலாம். இல்லையென்றால் அது வழியை மறிக்கும் வெறும் கல்.

"வலம்புரி இல்ல அண்ணாச்சி," என்றது குரல், மெதுவாக. "நுனியை மேல பிடிச்சா வாய் வலப்பக்கம் வருது. வலம்புரின்னா இடப்பக்கம் வரணும். சாதாரணச் சுத்துதான். சங்குமில்ல. சங்குன்னா வாய்க்குள்ள வரிசையா மடிப்பு இருக்கும். இதில இல்ல."

"நல்லாப் பாத்தியளா?"

"நக்கியும் பாத்தாச்சு."

கூட்டம் முணுமுணுத்தது. பாட்டி தேங்காயைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து, "அப்போ உடைடே," என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணாச்சி, சுத்தி வெட்டி முழுசா எடுத்திரலாம். நாலு நாள் போதும்."

"நாலு நாளா?" என்றாள் அம்மா. கிணற்றுக்குள் குனிந்தபடி, குடத்துக்குச் சும்மாடு வைத்து வைத்து முடி உதிர்ந்துபோன உச்சந்தலையைத் தடவிக்கொண்டாள். மேலே அண்ணாந்து பார்த்த கம்பவுண்டர் கண்ணில் அது பட்டிருக்க வேண்டும். கயிற்றைப் பிடித்து ஏறி வந்துவிட்டார்.

கடப்பாரை விழுந்த சத்தத்துக்கெல்லாம் அவர் முதுகைக் காட்டி, வாழைமரத்தைப் பார்த்தபடி நின்றார். சிப்பிக் கல்லை உடைத்ததும் பக்கவாட்டிலிருந்து ஊற்று பீறிட்டது. கடலாக இருந்த இடம், உப்புத்தான் கரிக்கும் என்று எல்லாரும் பயந்தோம். குடித்துப் பார்த்தால் தேங்காய்த் தண்ணீர் தோற்கும்.

மண்கூடையிலிருந்து அவர் துண்டுகளைப் பொறுக்கி வேட்டி நுனியில் முடிந்துகொண்டு போனார். எலும்பு முறிவுக்குப் போடும் மாவைக் குழைத்து மாசக்கணக்கில் ஒட்டினார். பாதிக்கு மேல் தேறவில்லை. அது என்ன சாதி என்று கேட்டவர்களிடம் எல்லாம், "இன்னும் பிடி கிடைக்கல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

வலம்புரியைக் கெடுத்தவன் என்று அப்பா கடைசிவரை அவரைத் திட்டினார். ஆனால் அவர் சைக்கிள் எங்கள் வாசலில் நின்றால், கல்லாவை விட்டு எழுந்துபோய், தன் கையாலேயே இறைத்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். அப்பா வேறு யாருக்கும் தண்ணீர் இறைத்து நான் பார்த்ததில்லை.