கதிரை அங்கிள் வேண்டாம் என்ற வீடுகள்

மெல்பர்னில் கடற்கரையோரம் வீடு பிடித்துக் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிடித்த வீட்டிலிருந்து நம்மைப் பிடித்து இழுத்துக்கொண்டு வர ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கே போனாலும் ஒரு மடக்கு நாற்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். யாழ்ப்பாணத்துக்காரர்கள் நாற்காலியைக் கதிரை என்பார்கள். அதனால் கதிரை அங்கிள்.

அப்போது நாங்கள் கடலிலிருந்து தள்ளி, டார்னெய்ட் என்ற மேற்குப் புறநகரில் இருந்தோம். எனக்கு நகரத்தின் நடுவில் வேலை. மனைவி நர்ஸ், மாலை ஷிஃப்ட். மூன்று வயது மகளைக் காப்பகத்திலிருந்து கூட்டி வருவது என் பொறுப்பு. ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். இரண்டு முறை பிந்திப் போனேன். மூன்றாவது முறை பிந்தினால் இடம் கிடையாது என்று கடிதமே கொடுத்துவிட்டார்கள்.

இந்த நேரம் பார்த்து, தூத்துக்குடிக்காரியான என் மனைவிக்குக் கடல் வேண்டும்.

"நாலு வருஷமா புல்லையும் காத்தையும்தான் பாத்துக்கிட்டிருக்கேன். கடல் பக்கம் வீடு பாருங்க. இல்லேன்னா பாப்பாவைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி வைத்திருந்தாள்.

வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை ஒரு வீடு பார்த்தோம். ஜன்னலைத் திறந்தால் கடல். மனைவி அழுதேவிட்டாள். நேராகக் கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, சாப்பாட்டு வரிசையில் நின்று ஒரு நண்பனிடம் விலாசத்தோடு பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனுக்கு ஏழே நிமிஷம், விளம்பரத்திலேயே போட்டிருக்கிறான் என்றேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். "ஆர் தம்பி நடந்து பாத்தது? முயலோ?"

திரும்பினால், கையில் தட்டு, கக்கத்தில் கதிரை.

"நீங்க யாரு சார்?"

"அதை விடும். வெயிலில பாத்தனீரோ, மழையில பாத்தனீரோ?"

"வெயில்லதான்."

"அப்ப நீர் வீடு பாக்கேல்ல. பிக்னிக் போனனீர். செவ்வாய்க்கிழமை மழையாம். விடிய ஆறரைக்கு அந்த வீட்டு வாசலில நில்லும். பிள்ளையின்ர வண்டிலையும் கொண்டு வாரும்."

என்னை யாராவது அதட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் செவ்வாய்க்கிழமை ஏன் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. கொட்டுகிற மழையில் அந்த மனுஷன் ஒரு பத்துக் கிலோ அரிசி மூட்டையோடு நின்றிருந்தார். அதைக் குழந்தை வண்டியில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, மழைக்கோட்டும் மாட்டினார்.

"இவதான் உம்மட மகள். நனையாமல் கொண்டு போம்."

ஏழு நிமிடம் பத்தொன்பது நிமிடமானது. காற்று குடையைத் திருப்பியது. மணலில் சக்கரம் மாட்டியது. ரயில்வே கேட் மூடிக்கொண்டது. பிளாட்பாரத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி வண்டிக்குள் எட்டிப் பார்த்து என்ன வயது என்று கேட்டாள். "டென் கிலோஸ்" என்றார் அங்கிள். அவள் அடுத்த பெட்டியில் ஏறினாள்.

சாயங்காலம் அதே கூத்து திரும்பி வருவதற்கு. ஆபீஸ் வாசலில் அரிசி மூட்டையோடு காத்திருந்தார். என் மேனேஜர் பார்த்துவிட்டார், அந்த அவமானத்தை எழுத மாட்டேன். அந்த வீட்டுக்கு அருகிலுள்ள காப்பகத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு பதினாலு. கதவு பூட்டியிருந்தது. அங்கிள் கதிரையை விரித்து வாசலிலேயே உட்கார்ந்தார்.

"பாத்தீரோ? பதினாலு நிமிஷம் உம்மட பிள்ளை இந்தப் படியில நிண்டு அழுதிருக்கும்."

அந்த வீடு போச்சு. இப்படியே இன்னும் மூன்று வீடு போச்சு. அரிசி மூட்டை மெல்பர்னின் பாதி ஸ்டேஷன்களைப் பார்த்துவிட்டது. நடுவில் மதுரையிலிருந்து அப்பா வேறு, கிழக்கு வாசல் இல்லாத வீட்டுக்குப் பால் காய்ச்ச வரமாட்டேன் என்று வாட்ஸப்பில் குரல் அனுப்பினார். இந்தக் கரையில் கடல் இருப்பதே மேற்கே. கடலைப் பார்த்த வீடெல்லாம் மேற்கு வாசல்.

நாலாவது வீட்டில் எனக்கு வெடித்துவிட்டது. "என் பொண்டாட்டி பெட்டி கட்டிக்கிட்டிருக்கா! எது காட்டினாலும் வேண்டாம்னா எப்படி? நீங்க ஒரு தடவையாவது அந்தக் கடலைத் திரும்பிப் பாத்தீங்களா?"

உண்மைதான். எங்கே கதிரையைப் போட்டாலும் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

"பாத்தனான் தம்பி. அகதியாப் படகில வரேக்க இருவத்திரண்டு நாள் அதை மட்டும்தான் பாத்தனான். எனக்குப் போதும்" என்றார். "அதுக்காக உம்மட மனுசி பாக்கக் கூடாதெண்டு இல்லை. நீர் தலைகீழாத் தேடுறீர். முதல்ல காப்பகம். பிறகு ஸ்டேஷன். பிறகு வீடு. கடல் தன்ர பாட்டில கிடக்கும், எங்கயும் ஓடாது."

அன்று ராத்திரியே காப்பகங்களின் பட்டியலை எடுத்து உட்கார்ந்தேன். சொன்னதைக் கேட்டு நடப்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

அதே கரையோரம், செல்சீ என்ற இடத்தில் ஒரு காப்பகத்தில் இடம் கிடைத்தது. ஸ்டேஷனிலிருந்து நடை தூரம். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய செங்கல் வீடு. ஜன்னலில் கடல் இல்லை, பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டிதான் தெரியும். வாசல் ஸ்டேஷனைப் பார்த்து, அதாவது கிழக்கே! அப்பா பால் காய்ச்ச வர ஒப்புக்கொண்டார். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே சுற்றினாள். பின்கதவைத் திறந்து நின்றாள். கடல் இருக்கும் பக்கம் ஆறு நிமிடம் நடந்தாள், நானும் பின்னாலேயே போனேன். தண்ணீரில் கால் வைத்ததும், "அந்தப் பெட்டிய மறுபடி பரண்ல போட்டுடுங்க" என்றாள்.

குடிவந்த முதல் செவ்வாய், மழை. காப்பக வாசலில் போய் நின்று மணி பார்த்தேன். ஐந்து நாற்பத்தாறு. மகள் களிமண்ணில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "நாட் யெட், அப்பா" என்றாள். சீக்கிரம் வந்ததற்காக அவளிடம் திட்டு வாங்கியது அன்றைக்குத்தான்.

அங்கிளுக்குப் போன் போட்டேன். "அஞ்சு நாப்பத்தாறு அங்கிள்" என்றேன்.

"ஓம், பிறகென்ன? போனை வைச்சிட்டுப் பிள்ளையைப் பாரும்" என்று அதட்டினார்.

என்னை அதட்டும் உரிமையை நான் இந்த நாட்டில் யாருக்கும் கொடுத்ததில்லை. அவர் கேட்காமலே எடுத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.