செல்லப்பாண்டி பெயரில் ஆடிய விலாங்கு

மதுரை வட்டாரக் கபடியில் விலாங்கை மடக்கிவிட்டேன் என்று எவனாவது சொன்னால், ஒன்று அவன் புளுகுகிறான், அல்லது அன்றைக்கு விலாங்கு காய்ச்சலோடு ஆடியிருக்கிறான். ஏழு பேர் பாய்ந்து காலைப் பிடிப்பார்கள். புழுதி அடங்கிப் பார்த்தால் ஏழு பேரும் ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். இவன் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

கல்லூரி விடுதியில் எனக்கு அடுத்த கட்டில் அவனுடையது. மெஸ்ஸில் 'கபடி கபடி' என்று மூச்சு விடாமல் வருவான். நாலு தட்டிலிருந்து நாலு வடையோடு திரும்புவான்.

"டேய், வடைய வைடா!"

"தொட்டாச்சு மாப்ள. நீ அவுட்டு. வெளிய போ."

அவன் தயவில் கல்லூரி வட்டாரப் போட்டிகளில் வரிசையாகக் கோப்பை வாங்கியது. வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் கல்லூரி முதல்வர் முகம் யானை அளவு. விலாங்குக்குக் கிடைத்த மூலையில் வலது கால் மட்டும் தெரிந்தது. "ஆடுனது கால்தானே, அது வந்துருச்சுல்ல" என்று சிரித்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அவனுக்கு ஒரு வியாதி. யார் கூப்பிட்டாலும் மாட்டேன் என்று சொல்ல வராது. ஞாயிறானால் அலங்காநல்லூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பைக்கில் ஆள் வந்துவிடும். அங்கே உள்ளூர்க்காரர்கள் மட்டுமே ஆடலாம் என்பது சட்டம். அதனால் பட்டியலில் இருக்கும் எவன் பெயரிலாவது இறங்கிவிடுவான்.

"இன்னைக்கு யாரு பேருடா?"

"செல்லப்பாண்டி. அந்தப் பேரு எனக்கு ராசி மாப்ள."

"செல்லப்பாண்டி! சிங்கம் சீறுது பாருங்க!" என்று மைக் அலறும். கூட்டத்தில் சர்பத் குடித்துக்கொண்டிருக்கும் நிஜ செல்லப்பாண்டி எழுந்து கும்பிடு போடுவான். அந்த ஊர் அணி மாநிலப் போட்டி வரை போனது. ஆடியது விலாங்கு. சான்றிதழில் பெயர் செல்லப்பாண்டி.

கடைசி வருடம்தான் கல்லூரி அணி மாநிலப் போட்டிக்குத் தேர்வானது. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு, சொந்தப் பெயரில் அந்த ஒரு சான்றிதழ் போதும். இன்னும் இரண்டே வாரம்.

"இந்த ஞாயித்துக்கிழமை போகாதடா."

"வாரேன்னு சொல்லிட்டேன் மாப்ள."

போனான். முட்டி ஜவ்வு கிழிந்தது. "செல்லப்பாண்டிக்குக் காயம்" என்று மைக்கில் சொன்னார்கள். நிஜ செல்லப்பாண்டி உடனே நொண்டத் தொடங்கினான். கல்லூரியோ மறுநாளே ஃபிளெக்ஸைக் கழற்றியது.

அடுத்த வருடம் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நானும் கூடப் போனேன். அதிகாரி விலாங்கின் ஃபைலைப் புரட்டினார். "ஸ்டேட் சர்டிபிகேட் இல்லையேப்பா. அடுத்த ஆளு."

அடுத்த ஆள் செல்லப்பாண்டி.

சான்றிதழைக் காட்டிவிட்டு வெளியே வந்தவன், வியர்த்து ஊற்ற எங்களிடம் ஓடி வந்தான். "அண்ணே, இறங்கி ஆடிக் காட்டச் சொல்றாங்கண்ணே. எந்தக் கால மொதல்ல வைக்கணும்?"

"அதிகாரிகிட்ட போய்ச் சொல்லுடா, ஆடுனது நான்தான்னு!" என்று விலாங்கின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் என் கையை விலக்கிவிட்டு, தண்ணீர்த் தொட்டி மறைவில் அந்தக் கெட்டுப்போன காலோடு ஆடிக் காட்டினான். "குனிஞ்சு போ. மூஞ்சியப் பாக்காத, காலப் பாரு. மூச்ச விட்றாத."

செல்லப்பாண்டிக்கு வேலை கிடைத்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கத்தினேன். "ஒனக்கு ரோசமே இல்லையாடா?"

"சொன்னா வேலை அவனுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. ரெண்டு பேருமே திருட்டுப்பயலுகதான் மாப்ள." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் ஆடுன ஆட்டத்துக்கு ஒரு வேலை கெடைச்சிருச்சுல்ல. விடு."

இப்போது மதுரையில் வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறான். படி ஏறினால் முட்டி சத்தம் போடுகிறதாம். என் வீடு மூன்றாவது மாடி. தெருவில் அவன் வண்டிச் சத்தம் கேட்டதுமே நான் கீழே ஓடிவிடுவேன்.