நடுக்கோட்டு நானாவும் என் மனைவியின் குரலும்

சிங்கப்பூரில் ஏதாவது ஒரு பொருள் கோணலாக இருந்தால், நடுக்கோட்டு நானா அதை இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஜாலான் புசாரில் ஓர் ஆணிக்கடையின் மாடியில் பழைய ஆம்ப்ளிஃபையர்களையும் ஸ்பீக்கர்களையும் பழுது பார்ப்பவர். அறுபதைத் தாண்டியவர். இயற்பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும்; மற்ற எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். தேக்கா சந்தையில் சாப்பிட உட்கார்ந்தால், பரோட்டாவைத் தட்டின் நடுவுக்கு நகர்த்திய பிறகுதான் குழம்பை ஊற்றுவார். ஒரு கல்யாண வரவேற்பில் வாழ்த்துச் சொல்ல மேடையேறியவர், மணமக்கள் உட்கார்ந்திருந்த சோபாவை நாலு அங்குலம் இடப்பக்கம் தள்ளினார். மாப்பிள்ளை பயந்துபோய் எழுந்தார்.

“நீங்க உக்காருங்க மாப்ளே. வெய்ட்டு இருந்தாத்தான் நேரா நகரும்.”

ஐம்பத்திரண்டு வயதான என்னை இன்னும் ‘தம்பி’ என்று கூப்பிடும் ஒரே மனிதர் என்பதால், நான் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

என் மனைவி மரகதம் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் இருபது வருடம் வேலை பார்த்தவள். மருத்துவர் ஓய்வு பெற்றதும் வேலை போயிற்று. அடுத்த ஆறு மாதங்கள் விண்ணப்பம் போடுவதும் பதிலுக்குக் காத்திருப்பதுமாகக் கழிந்தன. கடைசியில், தமிழ்க் கதைகளை ஒலிப்புத்தகமாக்கும் ஒரு நிறுவனம் குரலுக்கு ஒரு மாதிரிப் பதிவு கேட்டது. வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பலாமாம். உட்லண்ட்ஸ் வீட்டுத் துணி அலமாரிக்குள், தொங்கும் சேலைகளுக்கு நடுவே அவளை உட்கார வைத்து, ஒரு மலிவு மைக்கைச் செருகி, ஒலிப்பதிவாளர் பதவியை நானே எடுத்துக்கொண்டேன். அவள் அற்புதமாகப் படித்தாள். நான் அற்புதமாகக் கெடுத்தேன்.

மேல்வீட்டில் சுவரைத் துளைக்கும் சத்தம் விழுந்த இடங்களை எல்லாம் வெட்டி, அங்கே சுத்தமான மௌனத்தை ஒட்டி அனுப்பினேன். பதில் வந்தது. குரல் பிடித்திருக்கிறது, ஆனால் ஒவ்வோர் இடைவெளியிலும் ‘டொக்’ என்று கேட்கிறது, சரிசெய்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவும்.

திரும்பப் படித்தால் தீர்ந்தது. ஆனால் அன்றைக்குப் பார்த்து மரகதத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெறும் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றிலும் ‘எல்லாம் உங்களாலதான்’ என்பது தெளிவாகக் கேட்டது.

புதன்கிழமை நானாவுக்குப் போன் போட்டேன்.

“வீட்ல பண்ணுன ரெக்கார்டிங்கா? அப்ப டி.சி. பிரச்சினைதான் தம்பி. சின்ன விஷயம் லா,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

இந்த ஊரில் அடுக்குமாடியில் குடியிருப்பவன் காதில் டி.சி. எப்படி விழும்? அடுக்குமாடிகளைப் பராமரிக்கும் டவுன் கவுன்சில் என்றுதான். உடனே அங்கே கூப்பிட்டேன். எடுத்தது ஒரு தமிழ்ப் பெண்.

“சத்தம் எந்த எடத்துல வருது சார்?”

“ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவுல.”

“யாரு பேசுற வாக்கியம் சார்?”

“என் மனைவி.”

“மேடம் இப்ப பேசுறாங்களா?”

“இல்லங்க, தொண்ட கட்டிக்கிச்சு.”

“அப்ப சத்தம் நின்னுடுச்சுல்ல சார்?”

இருந்தாலும் வியாழக்கிழமை ஒருவர் ஏணியோடு வந்து, குளியலறைக் குழாய்களை எல்லாம் தட்டிப் பார்த்து, “எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஜாலான் புசாருக்கு ஓடினேன்.

திரையைப் பார்த்ததும் நானாவின் முகம், எதிரில் யாரோ படத்தைக் கோணலாக மாட்டியதுபோல் சுருங்கியது.

“டி.சி.ன்னா நேர் மின்சாரம் தம்பி. உங்க மைக்குல இருந்து கொஞ்சம் கசிஞ்சு, தங்கச்சி குரல அப்படியே தூக்கி மேல வச்சிருக்கு. குரலு மேல நிக்கிது, நீங்க ஒட்டுன மௌனம் திரையில தெரியிற இந்த நடுக்கோட்டுல நிக்கணும். அங்கேருந்து இங்க குதிக்கிறப்பல்லாம் டொக்.”

“டி.சி.ன்னு பேரு போட்ட ஒரு பட்டன் இருந்துச்சே நானா. ஏணிக்காரரு போனதும், என்னன்னு தெரியாமலே நேத்து அமுக்கிட்டேனே.”

“மொத்தத்தையும் சேத்தா அமுக்குனீங்க?”

“ஆமா.”

நானா தலையில் கை வைத்துக்கொண்டார். “அது எல்லாத்துக்கும் சேத்து சராசரி பாத்து எறக்கும். இப்ப பேச்சும் கோட்டுல இல்ல, மௌனமும் கோட்டுல இல்ல. மௌனத்தையே கோணலாக்குன ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் தம்பி. அமுக்காத ஃபைலு இருக்கா, அதையும் அழிச்சாச்சா?”

இருந்தது. என் சோம்பேறித்தனம் என் குடும்பத்துக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

குரல் துண்டுகள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் தனியாகப் பிடித்து, தனியாகக் கோட்டுக்கு இறக்கினார். இறக்கியதும் காதில் மாட்டிக் கேட்டார். நாலு மணி. நாலேகால். இருபத்தேழாவது துண்டில் நின்று, அதையே இரண்டு தடவை கேட்டார்.

“நானா, அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்.”

“சும்மா இருங்க தம்பி. கதையில அந்தப் பொண்ணு பஸ்ஸ விட்டுட்டா.”

நாலு ஐம்பத்திரண்டுக்கு முடித்தார். முதலிலிருந்து ஓட்டினோம். குரல் வந்தது, மௌனம் வந்தது, மறுபடி குரல் வந்தது. டொக் இல்லை. நாலு ஐம்பத்தாறுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிமேல் சரிந்து உட்கார்ந்தேன். நானா என்னைச் சற்று வலப்பக்கம் தள்ளி உட்கார வைத்தார்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. மரகதத்துக்கு வேலை. அவள் அழுதாள், சிரித்தாள். இரண்டுமே காற்றாகத்தான் வந்தன. நானாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அல்ஹம்துலில்லாஹ்! ரொம்ப சந்தோஷம்,” என்றார். “தம்பி, தங்கச்சிகிட்ட ஒண்ணு கேக்கணுமே. அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாளா?”

மாதிரிக்கு அனுப்பியது பாதிக் கதைதான். மரகதம் போனைப் பிடுங்கிக்கொண்டு, கட்டிய தொண்டையோடு மீதியைச் சொல்ல ஆரம்பித்தாள். இருபது நிமிடம். மறுமுனையில் ஒரு சத்தமும் இல்லை. வைத்துவிட்டாரோ என்று போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன்.

“தம்பி, தங்கச்சிகிட்ட போனக் குடுங்க,” என்றார் நானா.